எண்கள் பொருந்தினால் போதுமா? மின்கட்டமைப்பில் பொய்த் தரவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் மின்பாதைகளை நேரில் பார்ப்பதில்லை. துணைமின் நிலையங்களிலிருந்து சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்துசேரும் அளவீடுகளைக் கோத்துக் கணினி காட்டும் நிலவரத்தைத்தான் பார்க்கிறார்கள். நிலை மதிப்பீடு எனப்படும் இந்தக் கணக்குக்கு 1970இல் அடித்தளமிட்டவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் ஷ்வெப்பே. ஒன்றோடொன்று முரண்படும் அளவீடுகளில் பழுதானதை அடையாளம் கண்டு ஒதுக்கும் சோதனையும் அதில் உண்டு. அளவீடுகளை வேண்டுமென்றே திரித்து அனுப்பும் தாக்குதலையும் அதுவே பிடித்துவிடும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஓர் எளிய கணக்கு. அ என்ற மின்நிலையம் 60 மெகாவாட் தருகிறது. அது மின்பாதை வழியே ஆ என்ற ஊருக்குப் போகிறது. அங்கே 20 செலவாகி, மீதி 40 இ என்ற ஊருக்குச் செல்கிறது. அ–ஆ பாதையின் அளவை மட்டும் ஒருவன் 90 என்று மாற்றினால் கணக்கு உதைக்கும், மாட்டிக்கொள்வான். ஆனால் அ நிலையத்தின் உற்பத்தி 90, பாதை 90, ஆ ஊரின் பயன்பாடு 50 என மூன்றையும் சேர்த்து மாற்றினால் எல்லாம் அழகாகப் பொருந்தும். சொல்லிவைத்துப் பேசும் சாட்சிகளிடம் முரண்பாடு கிடைக்காது. அ–ஆ பாதையில் இல்லாத நெரிசலைக் குறைக்க அதிகாரி உற்பத்தியைக் குறைப்பார். பாதிப்பு உண்மையாகவே நிகழும். கட்டமைப்பின் அமைப்பை அறிந்தவன் இப்படிச் சோதனையைக் கடக்க முடியும் என்பதை யாவ் லியு, பெங் நிங், மைக்கேல் ரைட்டர் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் கணித வழியே காட்டினார்கள்.

ஆகவே வெளியிலிருந்து ஓர் ஒப்பீடு தேவை. ஆ ஊரின் பயன்பாடு நொடிப்பொழுதில் இரண்டரை மடங்காகுமா? மின்தேவை முன்கணிப்பு அதற்குப் பதில் சொல்லும். மெல்ல மெல்ல ஏற்றப்படும் பொய்க்கு அதுவும் போதாது. முழு நிலையையும் கணக்கிடப் போதுமான அடிப்படை அளவீடுகளைத் தேர்ந்து, அவற்றை மட்டுமாவது தொட முடியாதபடி காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அரைகுறைப் பாதுகாப்பு தருவதைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அளவீடுகளைக் குறியாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவில் மாற்றி அனுப்பிவிட்டால் கவலையில்லை என்பது அடுத்த தவறு. அது வழியில் நடக்கும் திருத்தத்தைத்தான் தடுக்கும். மீட்டரே எதிராளியின் கையில் இருந்தால், பொய்தான் பத்திரமாகக் குறியாக்கப்பட்டு வந்துசேரும்.

மெகாவாட் எண்களைச் சந்தேகிப்பவர்கள்கூட, மின்பாதையை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பிரேக்கர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற தகவலை அப்படியே ஏற்கிறார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கிய நாளில், ஒரு மின்பாதை துண்டிக்கப்பட்ட தகவல் நிலை மதிப்பீட்டுக்குள் வராததால் அந்தக் கணக்கு சரியாக முடியவில்லை. அன்று எந்தத் தாக்குதலும் இல்லை. ஒரே ஒரு பாதையின் நிலவரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

பொய்த் தரவைக் கண்டுபிடிக்க இயந்திரக் கற்றலை நம்புவோர் 99 சதவீதத் துல்லியம் என்று மகிழ்கிறார்கள். 4 விநாடிக்கு ஒரு சோதனை என்றால் நாளுக்கு 21,600 சோதனைகள். அவற்றில் 1 சதவீதம் பொய் எச்சரிக்கை என்றாலே 216. மூன்றாம் நாள் அந்த அலாரத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கண்டுபிடித்த பிறகு செய்வதிலும் தவறுண்டு. சந்தேகத்துக்குரிய அளவீடுகளை எல்லாம் ஒரேயடியாக நீக்கினால், மீதமுள்ளவற்றைக் கொண்டு கட்டமைப்பின் நிலையைக் கணக்கிடவே முடியாமல் போகலாம். எவற்றை நீக்கலாம், அவற்றுக்கு ஈடாக எந்த மதிப்பை வைப்பது, எந்தத் துணைமின் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி நேரடி அளவைக் கேட்பது என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொலைபேசிக்கும் மாற்று வழி வேண்டும். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்து திறந்து, சுமார் 2.25 லட்சம் நுகர்வோரின் மின்சாரத்தைத் துண்டித்தவர்கள், வாடிக்கையாளர் சேவை எண்களையும் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே சென்று பிரேக்கர்களைக் கையால் மூடித்தான் சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள்.