துப்புரவு மென்பொருளை இயக்கும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், ஒரே மடிக்கணினியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பல உண்டு. அது மெதுவானதும், இலவசத் துப்புரவு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி, ‘அனைத்தையும் சரிசெய்’ என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதை அழுத்தாதீர்கள்.

இம்மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான ‘பிழைகள்’ என்று காட்டுபவை பெரும்பாலும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் தங்கிவிட்ட பழைய குறிப்புகளே. அவற்றை நீக்குவதால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. ஆனால் தேவையான ஒரு குறிப்பு சேர்ந்து நீங்கினால் அச்சுப்பொறி முடங்கலாம், விண்டோஸையே மறுபடியும் நிறுவ நேரலாம். ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது.

மென்பொருளை அடியோடு நீக்கித் தருவதாகச் சொல்பவற்றில் இன்னும் கவனம் வேண்டும். அவை முதலில் அந்த மென்பொருளின் சொந்த நீக்கியை இயக்கிவிட்டு, பிறகு பெயரையும் இடத்தையும் வைத்து ‘மிச்சங்களை’த் தேடுகின்றன, வேறு மென்பொருள்களும் பயன்படுத்தும் கோப்புகள் அந்தப் பட்டியலில் சிக்கக்கூடும். நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உள்ளது. யூனிகோடு என்னும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்ப்பள்ளி ஆண்டுமலரும் கோயில் கணக்கும், அந்த எழுத்துரு போய்விட்டால், பொருளற்ற குறிகளாகத்தான் தெரியும். ஆகவே பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நீக்கும் முன் அதன் எழுத்துருக் கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பெற்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2017 ஆகஸ்ட்டில் வெளியான, சிசிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பில் ஊடுருவிகள் தீங்கான நிரலைச் சேர்த்திருந்தனர். செல்லுபடியாகும் மின்கையொப்பத்துடனேயே வந்த அதைச் சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பயனர்கள் நிறுவியிருந்தனர்.

இடம்தான் வேண்டுமென்றால் விண்டோஸின் சொந்த வசதிகளே போதும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுங்கள். பிறகு விண்டோஸில் மீட்புப் புள்ளி (ரிஸ்டோர் பாயிண்ட்) ஒன்றை உருவாக்குங்கள்; அது அமைப்புகளைத்தான் மீட்குமே தவிர, அழிந்த படங்களை மீட்காது. அதன்பின் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக டெம்பரரி ஃபைல்ஸ் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே தேர்ந்தெடுங்கள். ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியைத் தொடாதீர்கள், ஏனெனில் பிள்ளைகளின் பாடவேலையும் சேமநிதி அறிக்கையும் பல வீடுகளில் அங்கேதான் கிடக்கின்றன. விண்டோஸ் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டாலர்’ கோப்புறை எத்தனை பெரிதாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். அதைக் காலி செய்தால் சில மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் போகும்.

வேண்டாத மென்பொருளைச் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பகுதியில் ஒவ்வொன்றாக நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, மற்றவை சரியாக இயங்குவதைப் பார்த்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். வேகத்துக்கு உண்மையாக உதவுவது, கணினியோடு தாமாகத் தொடங்கும் செயலிகளை டாஸ்க் மேனேஜரில் நிறுத்துவதுதான். வேண்டும்போது அவற்றை மீண்டும் இயக்கிக்கொள்ளவும் முடியும்.

ஏற்கெனவே துப்புரவு செய்து ஏதேனும் பழுதாகியிருந்தால், அந்த மென்பொருள் ரெஜிஸ்ட்ரியின் காப்புப்படியைச் சேமித்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மீட்புப் புள்ளிக்குத் திரும்புங்கள். கோப்புகளே அழிந்திருந்தால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவினால், மீட்க வேண்டிய கோப்பின் மேலேயே அது எழுதிவிடக்கூடும்.