சைக்கிளா, கம்ப்யூட்டரா? மிஞ்சிய பணத்தை எதில் போடுவது: படிப்படியாக ஒரு வழி

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு சைக்கிள் வாங்கலாம், இல்லையென்றால் ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம். இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. யாரிடம் கேட்டாலும் அவரவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். சைக்கிள் ஓட்டுபவர் உடம்பைப் பற்றிப் பேசுவார், கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவார். இரண்டும் சரிதான். ஆனால் அதை வைத்து நீங்கள் எதையும் முடிவுசெய்ய முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் இந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே பாதி உயிரோடு இருக்கிறது. தூசி படிந்த சைக்கிள் மூலையில் சாய்ந்து நிற்கும், அல்லது "ரொம்ப ஸ்லோ" என்று ஓரங்கட்டப்பட்ட லேப்டாப் அலமாரியில் இருக்கும். அதைச் சின்னச் செலவில் எழுப்ப முடியுமா என்று பார்த்த பிறகுதான் எதைப் புதிதாக வாங்குவது என்ற கேள்விக்கே வர வேண்டும். எழுப்ப முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மீதிப் பணம் மற்றதற்கு. வீட்டில் இரண்டும் இல்லை என்றாலும் கவலை இல்லை, மற்ற படிகள் உங்களுக்கும் பொருந்தும்.

படி 1: அது உண்மையிலேயே மிஞ்சிய பணமா?

வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். அடுத்த மாதம் கட்டவேண்டிய கட்டணம் எதுவும் இந்தப் பணத்துக்காகக் காத்திருந்தால் அது மிச்சமே இல்லை. இரண்டும் இல்லையா? சரி, மேலே போவோம்.

படி 2: இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு

ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் இல்லாததால் சிரமப்பட்ட நேரங்கள் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் இல்லாததால் சிரமப்பட்டவை இன்னொரு பக்கம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். "வாங்கிவிட்டால் தினமும் காலையில் ஓட்டுவேன்", "வாங்கிவிட்டால் நிரல் எழுதக் கற்றுக்கொள்வேன்" என்பதெல்லாம் ஆசை. அதற்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சைக்கிள் பக்கத்துக்கு ஓர் அளவுகோல்: பழக்கமில்லாதவர்கூடச் சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓட்டலாம். அப்படியானால் 5 கி.மீ. தூரத்துக்கு 20 நிமிடம். நடந்தால் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் அடிக்கடி போகும் இடங்கள் இந்த வட்டத்துக்குள் இருந்தால் சைக்கிள் பக்கம் கனக்கும். எல்லாமே 15 கி.மீ.க்கு அப்பால் என்றால், அல்லது போகும் வழி சைக்கிளுக்கு ஆபத்தானது என்றால், வாங்கிய சைக்கிள் சும்மா நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். போனில் செய்ய முடிந்ததை அங்கே எழுதக் கூடாது. வீடியோ பார்ப்பது, செய்தி அனுப்புவது, படிவம் நிரப்புவது, பணம் கட்டுவது எல்லாம் போனிலேயே முடிகிறது. நீளமாக எழுதுவது, பெரிய கணக்கு அட்டவணைகள், நிரல் எழுதுவது, வடிவமைப்பு, வீடியோ வெட்டி ஒட்டுவது ஆகியவற்றுக்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். உங்கள் தேவை வெறும் தட்டச்சு என்றால், போனோடு இணையும் ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

படி 3: இரவல் வாங்குங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இரவல் சைக்கிளில் உங்கள் வழக்கமான வழியில் போய்வாருங்கள். விடுமுறை நாளில் காற்று வாங்கப் போவது கணக்கில்லை, வேலை நாளில் போக வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் சைக்கிளை எங்கே பூட்டுவது, வியர்வையோடு உள்ளே நுழைய முடியுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கம்ப்யூட்டருக்கும் அப்படியே. நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ உட்கார்ந்து, செய்யப்போவதாகச் சொன்ன வேலையை ஒரு முறை செய்து பாருங்கள். இரவல் பொருளிலேயே இரண்டாம் நாள் சலிப்புத் தட்டினால் பணம் மிச்சம்.

படி 4: மூலையில் கிடப்பதை எழுப்ப முடியுமா?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் சைக்கிள். அதில் உயிர்நாடி ஃபிரேம் மட்டும்தான். ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாயின் அடிப்பகுதி, பெடல் அச்சைச் சுற்றிய இணைப்புகள் இரண்டையும் துடைத்துவிட்டு நன்றாகப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். மேல் பூச்சில் துரு ஏறியிருப்பது விரிசல் அல்ல, அதற்குப் பயப்படாதீர்கள். ஃபிரேம் நேராக இருந்தால் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாமே மாற்றக்கூடியவை. சக்கரம் ஆடினால் ஸ்போக்ஸ் இறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். பல வருடம் அசையாமல் இருந்த கம்பி குழாயோடு இறுகிப்போயிருந்தால், உங்கள் உயரத்துக்குத் தோதாக வைக்க முடியாது.

செயின் தேய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஓர் ஸ்கேல் போதும். செயினின் ஒவ்வொரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 306 மி.மீ. தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள். 308-ஐத் தொட்டுவிட்டால் பின்பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

டயர் வாங்கப் போகும்போது "26 அங்குலம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயரிலேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் உண்டு. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590, 47-559 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மி.மீ. கணக்கில். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். இதை எழுதிக்கொண்டு போனால் கடைக்கு இரண்டு முறை அலைய வேண்டாம்.

அடுத்து பழைய கம்ப்யூட்டர். அது மெதுவாக இருப்பதற்கு வயதுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டில், வேண்டிய இடம் தகவலைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 5 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. முள் நகரும் நேரம் தனி. கம்ப்யூட்டர் தொடங்கும்போது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டும், அதனால்தான் திரையில் வட்டம் உருண்டுகொண்டே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுற்றும் பாகமே கிடையாது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், எஸ்எஸ்டி மாற்றினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ரேம், அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், 4 ஜிபியாக இருந்தால் 8 ஆக்குங்கள். ஆனால் சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. மாடல் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. உங்கள் கம்ப்யூட்டர் அதைவிடப் பழசா? தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டு, திருப்தி என்றால் நிறுவுங்கள். கடிதம், அட்டவணை எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆஃபிஸ் அதோடு வந்துவிடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதாவது ஒரு மென்பொருள் உங்களுக்குக் கட்டாயம் என்றால் மட்டும் இந்த வழி உதவாது.

படி 5: எது எப்படிப் பழசாகிறது

பழையதை வாங்குவதா, புதியதா என்ற கேள்வி இங்கே வரும். இன்றைய சைக்கிளின் அடிப்படை வடிவம், அதாவது ஏறக்குறைய ஒரே அளவு இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின் என்ற அமைப்பு, 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை வாங்கியது 1888-இல். அதற்குப் பிறகு எத்தனையோ மெருகேறியிருந்தாலும், இருபது வருடச் சைக்கிள் இன்றைய சாலையில் அப்படியே ஓடும். சாலை அதனிடம் அப்டேட் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் அப்படியல்ல. ஒரு பாகமும் தேயாமலே, வெளியே மென்பொருள் மாறுவதால் அது பழசாகிவிடும்.

ஆகவே சைக்கிள் என்றால் பழையதைத் தாராளமாக வாங்கலாம். ஃபிரேமின் அடியில், பெடல் அச்சுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம், விலகிவிடுங்கள். கம்ப்யூட்டர் பழையதென்றால் வயதைப் பார்த்து வாங்குங்கள். விற்பவர் முன்னாலேயே முழுதாக அணைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். கடவுச்சொல் பூட்டு எதுவும் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் பேட்டரி சில நூறு முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு தன் கொள்ளளவில் கணிசமான பங்கை இழந்திருக்கும், அது இயல்பு. புது பேட்டரி கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 6: இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு கோடு

சைக்கிளில் என் கோடு: குறைந்த விலைக்கு முன்னும் பின்னும் ஷாக் அப்ஸார்பரும் ஏகப்பட்ட கியரும் வைத்த சைக்கிள் வேண்டவே வேண்டாம். விலையில் பெரும்பங்கு அந்த அலங்காரத்துக்குப் போய்விடும், மிதிக்கும் பலத்தில் கொஞ்சம் ஸ்பிரிங்கைக் குதிக்கவைப்பதற்கே செலவாகும், எடையும் கூடும். அதே பணத்துக்குக் கியரே இல்லாத எளிய சைக்கிள் பல மடங்கு நன்றாக உழைக்கும். ஃபிரேமுக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் மேல்குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள். கால் எட்டாத சைக்கிளில் பிரேக் பிடிக்கவே பயம் வரும்.

கம்ப்யூட்டரில் என் கோடு: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை குறைவு என்று 64 ஜிபி சேமிப்பிடம் கொண்ட லேப்டாப்புகள் கண்ணைப் பறிக்கும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி! வாங்கிய சில மாதத்தில் அப்டேட்டுக்கு இடமில்லை என்று அடம்பிடிக்கும். வீடியோ எடிட்டிங் உங்கள் வேலை என்றால் 16 ஜிபி ரேமிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.

கோட்டுக்கு மேலே உள்ள பொருளை வாங்க உங்கள் பணம் எதற்கு எட்டுகிறது? ஒன்றுக்கு மட்டும்தான் எட்டுகிறது என்றால் முடிவு பாதி ஆகிவிட்டது. எட்டாததை மட்டமாக வாங்குவதைவிட, எட்டுவதை நல்லதாக வாங்குங்கள்.

துணைச் செலவுகளையும் மறக்காதீர்கள். சைக்கிளுக்கு நல்ல பூட்டு, முன்பின் விளக்கு, பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஹெல்மெட். கம்ப்யூட்டருக்கு இணையம், நகல் எடுத்துவைக்க ஒரு வெளி டிஸ்க்.

படி 7: கணக்குப் போட்டு முடியுங்கள்

சைக்கிளின் மொத்த விலையை, அது மிச்சப்படுத்தும் வாரச் செலவால் வகுங்கள். வண்டிச் செலவு, பெட்ரோல் எதுவாக இருந்தாலும் சரி. வரும் எண்தான் விலை திரும்பிவர ஆகும் வாரங்கள். 52-க்குக் கீழே என்றால் சைக்கிளையே முதலில் வாங்குங்கள் என்பேன். ஒரு வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம், அதன்பின் அந்த மிச்சம் கம்ப்யூட்டருக்கான உண்டியலில் சேரும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு: கம்ப்யூட்டரை வைத்துச் செய்யும் வேலையோ படிப்போ ஏற்கெனவே கையில் இருந்து, அது இல்லாததால் நின்றுகொண்டிருந்தால், கணக்கே வேண்டாம், கம்ப்யூட்டர்தான். "ஏற்கெனவே" என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். வரப்போகிற வேலை வந்த வேலை அல்ல.

இரண்டும் சமமாக நிற்கிறதா? அப்படியானால் இரண்டாம் படியின் தாளை எடுத்து எந்தப் பக்கம் வரிகள் அதிகம் என்று எண்ணுங்கள்.

படி 8: வாங்கிய முதல் மாதம்

புதுச் சைக்கிளில் முதல் சில வாரங்களில் பிரேக் கேபிள் கொஞ்சம் தளரும், ஸ்போக்ஸும் இறுக்கம் குறையும். ஒரு மாதத்துக்குள் கடையில் கொடுத்து ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் முதல் சர்வீஸ் இலவசமாகவே செய்வார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். டயரில் வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

கம்ப்யூட்டர் என்றால், அது தொடங்க மறுத்தால் சரிசெய்ய உதவும் மீட்பு பென் டிரைவ் ஒன்றை முதல் நாளே உருவாக்கி ஓரமாக வையுங்கள். அப்புறம் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். பில்லையும் உத்தரவாத அட்டையையும் போட்டோ எடுத்துவைக்கும்போது, அந்தப் போட்டோவை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள்.