குபர்னெட்டிஸில் சிஆர்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், நாமே புதிதாக ஒரு ரிசோர்ஸ் வகையைச் சேர்க்க எழுதும் வரையறைதான் சிஆர்டி (கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபினிஷன்). அப்படி டேட்டாபேஸ் என்ற பெயரில் ஒரு கஸ்டம் ரிசோர்ஸ், அதைக் கவனித்து வேண்டியதைச் செய்ய கன்ட்ரோலர் என்ற ஒரு புரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதுபவர்கள் உருவாக்குவதைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள், அழிப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பெரிய சேதம் அங்கேதான் நடக்கிறது.

சிஆர்டியை டெலீட் செய்தால், எல்லா நேம்ஸ்பேஸிலும் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த பகுதிகளிலும்) உள்ள டேட்டாபேஸ் ரிசோர்ஸ்கள் அத்தனையும் கூடவே போகும். அவற்றை ஓனராகக் கொண்ட, டேட்டாபேஸை உண்மையில் ஓட்டும் ஸ்டேட்ஃபுல்செட்களும் பின்னாலேயே போகும். "பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்பது லேப்டாப் கிளஸ்டரில் சரி, புரொடக்‌ஷனில் கூடவே கூடாது. குபர்னெட்டிஸில் மென்பொருளை நிறுவ உதவும் ஹெல்ம் 3 கூட இந்தப் பயத்தால்தான், சார்ட்டில் (அதன் இன்ஸ்டால் பேக்கேஜில்) அதற்கென உள்ள ஃபோல்டரில் வைத்த சிஆர்டிகளை முதல் இன்ஸ்டாலோடு விட்டுவிடுகிறது; அப்கிரேடில் தொடாது. புதிய ஸ்கீமாவை (என்னென்ன ஃபீல்டுகள் இருக்கலாம் என்ற விதியை) நீங்கள்தான் தனியாக அப்ளை செய்ய வேண்டும்.

அடுத்தது ஃபைனலைசர்: சுத்தம் செய்யும் வேலை முடியும்வரை ரிசோர்ஸ் அழியாமல் பிடித்து வைக்கும் குறிப்பு. கன்ட்ரோலரை முதலில் நீக்கிவிட்டால் ஃபைனலைசரை எடுக்க ஆளில்லை. ரிசோர்ஸ் டெர்மினேட்டிங்கிலேயே நிற்கும், நேம்ஸ்பேஸும் அதோடு மாட்டிக்கொள்ளும். உடனே பலரும் ஃபைனலைசர் வரியைக் கையால் அழித்துவிடுகிறார்கள். ரிசோர்ஸ் போய்விடும், அது சுத்தம் செய்ய வேண்டிய கிளவுட் டிஸ்க் மட்டும் அங்கேயே இருந்து பில் ஏறும். முதலில் ரிசோர்ஸ்களை அழியுங்கள், அவை முழுதாகப் போகட்டும். அப்புறம் கன்ட்ரோலர், கடைசியில் சிஆர்டி.

ஸ்கீமா எழுதச் சோம்பல்பட்டு, தெரியாத ஃபீல்டுகளையும் அப்படியே வைத்துக்கொள் என்று ஸ்பெக் (பயனர் தனக்கு வேண்டியதை எழுதும் பகுதி) முழுவதற்கும் திறந்துவிடுவதும் வேண்டாம். யாமலில் ரெப்ளிகாஸ் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏபிஐ சர்வர் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். 3 பிரதி கேட்டவருக்கு 1 ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்டேட்டஸை (கன்ட்ரோலர் நடப்பு நிலையை எழுதும் பகுதியை) தனி சப்ரிசோர்ஸாக, அதாவது தனியே எழுதப்படும் பகுதியாக, அறிவிக்க மறந்தால், கன்ட்ரோலர் ஸ்டேட்டஸ் எழுதும்போதெல்லாம் மாற்றங்களை எண்ணும் ஜெனரேஷன் எண் ஏறும். பயனர் ஸ்பெக்கை மாற்றினாரா, நாமே எழுதியதா என்று அந்த எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது. எழுதியதைப் பார்த்தே திரும்ப ஓடி, கன்ட்ரோலர் ஓயாமல் சுற்றும்.

வெர்ஷன் மாற்றும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். ஸ்டோரேஜ் வெர்ஷனை (ஆப்ஜெக்டுகள் சேமிக்கப்படும் வெர்ஷனை) மாற்றிய உடனே, குபர்னெட்டிஸ் தன் தரவைச் சேமிக்கும் எட்சிடியில் உள்ள பழைய ஆப்ஜெக்டுகள் தானாக மாறிவிடாது. ஒவ்வொன்றையும் மறுபடி எழுதி முடித்து, சிஆர்டி ஸ்டேட்டஸின் ஸ்டோர்டு வெர்ஷன் பட்டியலிலிருந்து பழையதை நீக்கிய பிறகே அந்தப் பழைய வெர்ஷனை சிஆர்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.