மொலிப்டினம் தாது: வயதையும் தண்ணீரையும் ஒரே நாளத்தில் கேளுங்கள்

இலங்கையின் பெரும்பகுதி பழைய உருமாறிய பாறை. போர்பிரி மொலிப்டினப் படிவு, அதாவது நிலத்தடியில் உறைந்த பாறைக்குழம்போடு சேர்ந்து வந்த தாது, பார்க்க கொலராடோவின் கிளைமாக்ஸுக்கோ சீனாவின் சின்லிங் மலைப்பக்கமோ போகவேண்டும். கொழும்பில் இருக்கும் நமக்குக் கிடைப்பது ஆய்வுக் கட்டுரைகளும், யாராவது கொண்டுவந்து தரும் ஒரு துண்டுக் கல்லும்தான். பரவாயில்லை, ஒரு நாளம் (தாது நிரம்பிய பாறை வெடிப்பு) எப்போது வந்தது, அதைக் கொண்டுவந்த சூடான தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க அது போதும்.

முதலில் கையிலிருப்பது மொலிப்டினத்தின் முக்கியத் தாதுக் கனிமமான மொலிப்டினைட்தானா என்று பாருங்கள். போகல சுரங்கத்துக் காரீயத்தை (பென்சிலில் வரும் கிராபைட்) பார்த்துப் பழகிய கண் ஏமாந்துவிடும், ஏனென்றால் இரண்டுமே விரலில் ஒட்டும், காகிதத்தில் கோடு போடும். மெருகிட்ட வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் காரீயம் கறுப்பாக இழுபடும், மொலிப்டினைட் கோட்டில் லேசான பச்சை தெரியும். அடர்த்தியும் காரீயத்தைப்போல இரண்டு மடங்கு.

அப்புறம் வயது. பாறையிலுள்ள சிர்க்கன் என்ற கனிமத்தின் யுரேனியம்-ஈய வயது பாறைக்குழம்பு உறைந்த காலத்தைத்தான் சொல்லும். தாது எப்போது வந்தது என்பதை மொலிப்டினைட்டிடமே கேட்கவேண்டும். அது வளரும்போது ரீனியம் என்ற உலோகத்தை உள்ளே எடுக்கும், ஒஸ்மியம் என்ற உலோகத்தை அநேகமாகச் சேர்க்காது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஒஸ்மியம்-187 முழுக்க ரீனியம்-187 சிதைந்து வந்தது. ஒஸ்மியம்-187ஐ ரீனியம்-187ஆல் வகுத்த விகிதத்தோடு 1 கூட்டி, இயற்கை மடக்கை எடுத்து, ரீனியம் ஆண்டுக்குச் சிதையும் வீதமான 1.666×10⁻¹¹ ஆல் வகுங்கள். விகிதம் 0.002335 என்றால் 14 கோடி ஆண்டு. பெரிய படிகத்துக்குள் ஒஸ்மியம் இடம் மாறக்கூடியது என்பதால் லேசரால் ஒரே புள்ளியில் எடுத்த வயதை நான் நம்பமாட்டேன், முழுதாக அரைத்துக் கலந்து அளந்ததையே எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் சறுக்குவது. குவார்ட்ஸில் அளந்த ஒட்சிசன் சமதானி மதிப்பு (கன ஒட்சிசன் ஒரு நியமத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு, ‰, கூடக்குறைய என்பது) தண்ணீரின் மதிப்பு அல்ல, வெப்பநிலையை வைத்து மாற்றவேண்டும். ஒரே குவார்ட்ஸ், +9.5‰ என்று வைத்துக்கொள்வோம்: 500 பாகையில் வளர்ந்திருந்தால் தண்ணீர் சுமார் +7‰, குழம்பிலிருந்து வந்த நீருக்கு நன்றாகப் பொருந்தும்; 250 பாகை என்றால் +0.5‰ அளவுக்கு இறங்கி, மழைநீர் கலந்த கதையாகிவிடும். அந்த வெப்பநிலை குவார்ட்ஸுக்குள் சிறைப்பட்ட திரவத் துளிகளைச் சூடாக்கி அளப்பது. திரவம் கொதித்ததற்கு அடையாளம் இல்லையென்றால் அது குறைந்தபட்ச மதிப்புத்தான், அழுத்தத்துக்காக மேலே திருத்தவேண்டும். துளிக்குள் உப்புப் படிகம் கனசதுரமாக நின்றால் கரைசலில் உப்பு 26 சதவீதத்துக்கு மேல்.

அதே தண்ணீரின் ஐதரசன் சமதானி எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். அதற்காகக் குவார்ட்ஸை நொறுக்கும்போது பிறகு வெடிப்புகளில் புகுந்த துளிகளின் நீரும் சேர்ந்து வெளியேறும். வயது எடுத்த மொலிப்டினைட்டும் தண்ணீர் எடுத்த குவார்ட்ஸும் ஒரே நாளத்தில் ஒன்றாக வளர்ந்தவை என்று காட்டும் படம் கட்டுரையில் இல்லையா, அப்படியானால் இரண்டு முடிவையும் தனித்தனியாகவே குறித்துவையுங்கள்.