ஆட்சியும் சபையும்: எங்கே சேர்ந்து நிற்பது, எங்கே தள்ளி நிற்பது

தேர்தல் வந்தாலும் சரி, புதுச் சட்டம் ஒன்று வந்தாலும் சரி, கிறிஸ்தவ சபைக்குள் இரண்டு அணி பிரிந்துவிடும். ஓர் அணி வேதத்தில் ரோமர் 13-ஐ நீட்டி, ஆள்பவருக்குக் "கீழ்ப்படி" என்னும். மற்றது அப்போஸ்தலர் 5:29-ஐ எடுத்துக்கொண்டு "மனுஷருக்கு அல்ல, தேவனுக்கே" என்னும். இரண்டும் வேதத்தில் இருப்பதுதான் என்பதால் கடைசியில் யார் சத்தமாகப் படிக்கிறாரோ அவர் ஜெயித்துவிடுவார். இந்தச் சண்டையில் சிக்காமல் முடிவெடுக்க நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில், பாதி வசனத்தோடு நிறுத்தாதீர்கள். ரோமர் 13 ஆட்சி அதிகாரத்தைப் பற்றியதுதான், ஆனால் நாலாம் வசனத்திலேயே ஆள்பவரை, அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் 'தேவஊழியக்காரன்' என்கிறார். ஊழியக்காரன் என்றாலே அவனுக்கு மேல் ஓர் எஜமான் இருக்கிறார், அவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பவுல் இதை எழுதியபோது ரோமில் ஆண்டவன் நீரோ, அதனால் நல்ல ராஜாவை மனதில் வைத்து எழுதினார் என்று சொல்லவும் முடியாது. வரி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இயேசு சொன்ன 'இராயனுடையதை இராயனுக்கு' (இராயன் என்றால் ரோமப் பேரரசன்) என்பதும் அப்படித்தான் பாதியில் நிற்கும், 'தேவனுடையதை தேவனுக்கு' என்ற மீதி விடுபட்டுப்போகும். இயேசு காசைக் காட்டச் சொல்லி, இந்தச் சுரூபம் (உருவம்) யாருடையது என்று கேட்டார். காசில் இராயன் முகம், சரி, காசை அவனிடமே கொடுத்துவிடு. தேவனுடைய சாயல் எதில் இருக்கிறது? ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திருப்பினால் மனுஷனில் என்று இருக்கிறது. ஆக வரி இராயனுக்கு, மனசாட்சி இராயனுக்கு இல்லை.

அப்புறம், வந்திருக்கும் விஷயம் எந்த வகை என்று பாருங்கள். வரி, கட்டட அனுமதி, ஒலிபெருக்கி விதி, வரவு செலவுக் கணக்கு இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவானது, பேசாமல் கீழ்ப்படியுங்கள். கணக்கு கேட்பது தணிக்கை, அதை உபத்திரவம் என்று பிரசங்கம் செய்தால் நிஜமாகவே உபத்திரவம் வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். சட்டம் பிடிக்கவில்லை, ஆனால் உங்களைப் பாவம் செய்யச் சொல்லவில்லை என்றால், ஓட்டு, மனு, நீதிமன்றம் என்று மாற்றப் பாருங்கள். தீமையைச் செய் என்று கட்டாயப்படுத்தினால் மட்டுமே மீறல். ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜா பார்வோனுக்கு, மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. ஜெபத்துக்குத் தடை வந்தபோது தானியேல் ஜன்னலைப் பூட்டவும் இல்லை, தெருவில் இறங்கிக் கூட்டம் சேர்க்கவும் இல்லை. முன்பு செய்தபடியே மூன்று வேளை முழங்காலில் நின்றார், தண்டனையையும் ஏற்றார். மீறுவதென்றால் இப்படி.

இதுவரை சொன்னது சுலபம். அரசு எதிர்க்கும்போது சபைக்கு எப்படியோ தைரியம் வந்துவிடுகிறது, அரசு தோளில் கை போடும்போதுதான் வழுக்குகிறது. 313-இல் ரோமப் பேரரசில் எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. 380-இல் பேரரசன் தியோடோசியஸ் காலத்தில் ஒரே விசுவாசம்தான் சரி என்று ராஜ கட்டளை வந்தது. அதற்குச் சில வருஷங்களிலேயே பிரிஸ்கில்லியன் என்கிற ஆயருக்கு, சக ஆயர்கள் கொண்டுபோன புகாரின் பேரில், கிறிஸ்தவப் பேரரசன் ஒருவன் மரண தண்டனை கொடுத்தான். கொல்ல வேண்டாம் என்று தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் மன்றாடியும் பலிக்கவில்லை. சிங்கத்தின் வாயிலிருந்து தப்பியவர்கள் சிங்கத்தை ஏவக் கற்றுக்கொள்ள நூறு வருஷம்கூட ஆகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

அதனால் அரசிடம் எதைக் கேட்கும் முன்பும் ஒரு கேள்வி: இதே அதிகாரம் நாளைக்கு வேறு மதத்தார் கையில் போனால் எனக்குச் சம்மதமா? இல்லையென்றால் கேட்காதீர்கள். நிதி கொடுத்தால், அது நின்றுபோகிற மாதத்திலும் ஊழியம் நடக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரசங்க பீடத்தில் நீதி, ஏழை, லஞ்சம் பற்றித் தாராளமாகப் பேசலாம், வேட்பாளர் பெயர் வேண்டாம். ஜெயித்தவரோடு போட்டோ எடுத்துக்கொண்ட போதகரால் அடுத்த மாதம் அவரைக் கண்டித்துப் பேச முடியாது.

சலுகை கேட்காதே என்றால் உரிமையையும் விட்டுவிடு என்று அர்த்தமில்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் (கால்களைப் பூட்டும் கட்டையில்) மாட்டி வைத்தார்கள். விடிந்ததும் 'போகலாம்' என்று ஆள் அனுப்பினார்கள். நாமாக இருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஓடியிருப்போம். பவுலோ, நாங்கள் ரோமக் குடிமக்கள், எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து வந்து கெஞ்சினார்கள். பவுல் பணமும் பதவியும் கேட்கவில்லை, எந்தக் குடிமகனுக்கும் உள்ள முறையைத்தான் கேட்டார். பிறகும் நேரே ஊரைவிட்டுப் போகவில்லை. விசுவாசியான லீதியாள் வீட்டுக்குப் போய் சகோதரர்களைப் பார்த்து, தைரியம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்.