ஹாக்கி கோல்காவலர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் ஹாக்கி ஆட்டம் முடிந்து பையன்கள் மாமாக் கடையில் கூடினால், பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: மலேசியக் கோல்காவலர் எஸ். குமார் பெரிய ஆளா, 1975 ஹாக்கி உலகக் கிண்ணத்தில் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவுக்குக் கோல் காத்தவர் பெரிய ஆளா? நான் கோல்காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். இந்த வாதம் எனக்குப் பிடிக்கும். எங்கள் தலைமுறை உளறியதையே இவர்களும் உளறும்போதுதான் தே தாரே டீ கசக்கிறது. பழைய பதிவு மங்கலாக இருக்கும், கவனமாகப் பார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

படுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது

1980களின் பிற்பகுதி ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் ஓட விடுவார்கள். பெனால்டி கார்னர், அதாவது தற்காப்பு அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. கோல்காவலர் முன்னால் ஓடிவந்து குறுக்கே சாய்ந்து படுத்துவிடுவார். உடனே சிரிப்பு: "இவரையா அண்ணே பெரிய கீப்பர்ங்கறீங்க?"

அவர் கணக்குப் போட்டுத்தான் படுத்தார். பெனால்டி கார்னரில் முதல் பந்தை ஓங்கி அடித்தால், அது கோலின் அடியில் இருக்கும் 46 செ.மீ. பலகையின் உயரத்துக்குள்தான் கோல்கோட்டைக் கடக்க வேண்டும். மேலே போனால் கோல் இல்லை. அப்போது பெரும்பாலும் ஓங்கித்தான் அடித்தார்கள். காலில் பேட் (தடுப்பு மெத்தை) கட்டி ஒருக்களித்துப் படுத்து, கையையும் மட்டையையும் நீட்டினால் 3.66 மீட்டர் அகலக் கோலில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். அன்று இதைவிட நல்ல வழி என்ன இருந்தது?

அப்புறம் டிராக் ஃபிளிக் வந்தது. மட்டையில் பந்தை இழுத்துச் சுண்டுவது அடியாகாது. அதனால் உயரக் கட்டுப்பாடும் கிடையாது. 1990களில் பரவிய இந்த வித்தையை வைத்துத்தான் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ், நெதர்லாந்தின் பால் லிட்ஜென்ஸ் வைத்திருந்த கோல் சாதனையை 2004இல் முறியடித்து, 348 கோல் வரை போனார். மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் பந்து, அரை வினாடியில், தோளுக்கு மேலே வரும். படுத்தால் தீர்ந்தது.

ஒரு பையன் இருந்தான். நல்ல கண், வேகமான கால். அவன் அப்பாவும் அந்தக் காலத்துக் கீப்பர். வீட்டில் படுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தேர்வு ஆட்டத்தில் எதிரணியில் ஃபிளிக் போடுகிறவன் ஒருவன். பையன் இடது பக்கம் சாய்ந்து படுத்தான். பந்து அவன் ஹெல்மெட்டுக்கு மேலே போய் வலையின் மூலையில் விழுந்தது. அடுத்த கார்னரிலும் அதே. மூன்றாவதில் அவன் படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை, பாதியில் முழங்காலில் மாட்டிக்கொண்டான். பெயரை அடித்துவிட்டார்கள். வெளியே வந்து அப்பா சொன்னது: "எங்க காலத்துல இப்படி விட்டிருக்க மாட்டோம்."

இன்றும் நினைத்தால் எரிகிறது. கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தவர்களும் அந்த அப்பாவும் செய்தது ஒரே தப்பு. பதிவை நிறுத்தி, வருவது அடியா, சுண்டா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு கீப்பரைப் பற்றிப் பேசுவோம்.

விட்ட கோல்களை எண்ணுவது

1975 அரையிறுதியில் மலேசியா கூடுதல் நேரத்தில் இந்தியாவிடம் 2-3 எனத் தோற்றது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் ஜப்பானுடன் 6-6, பிறகு சமனை முறிக்கும் ஷூட்அவுட்டில் தோல்வி. 3, 6 என்று எழுதித் தீர்ப்புச் சொல்லலாமா? முன்னது புல் திடல், ஆஃப்சைட் (எதிரணிக் கோலுக்கு அருகே முன்கூட்டியே போய் நிற்கத் தடை) உண்டு. பின்னது செயற்கைத் தரை, ஆஃப்சைட் இல்லை. எதிரணிக்காரன் கீப்பரின் மூக்குக்குக் கீழேயே நின்று பந்தைத் திருப்பிவிடலாம்.

பதக்கத்தை வைத்து அளப்பது

வேண்டாம்.

பேட்டை மறப்பது

பஞ்சும் பிரம்பும் வைத்துத் தைத்த பழைய பேட்டில் பட்ட பந்து காலடியிலேயே செத்து விழும். அதைத் தேடி உதைத்து அனுப்ப வேண்டும். இன்றைய ஃபோம் பேட்டில் பட்டாலே பந்து கோலுக்கு முன்னிருக்கும் வட்டத்துக்கு வெளியே பறக்கும். பழைய ஆட்கள் மந்தமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஸ்ட்ரோக்கையும் ஷூட்அவுட்டையும் கலப்பது

பெனால்டி ஸ்ட்ரோக்கில் பந்து கோலிலிருந்து 6.4 மீட்டரில், கீப்பரின் கால் கோல்கோட்டில். ஷூட்அவுட்டில் ஆட்டக்காரர் 8 வினாடிக்குள் கோல் போட வேண்டும், கீப்பரும் முன்னால் ஓடி வரலாம். தனித்தனியாக எழுதிவையுங்கள்.