இளைப்புக்கு மூச்சுப் பயிற்சியும் சாப்பாட்டு முறையும்: சேலம், ஏற்காடு வாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒருவருக்கு இழுப்பு வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது, "நல்லா மூச்சை உள்ளே இழுங்க" என்பதுதான். அவரும் வாயைத் திறந்து இழுத்துக்கொண்டே இருப்பார். திணறல் இன்னும் கூடும். ஆஸ்துமாவில் பெரிய சிக்கல் காற்று வெளியே வருவதில்தான் இருக்கிறது.

மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்துகொள்கிறது. மூச்சை இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும். அதனால் போன காற்று முழுசாகத் திரும்பி வருவதில்லை. பழைய காற்று நெஞ்சிலேயே தேங்கி, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசையைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடுகிறது. அதற்குக் கீழே வயிறு. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் நிரப்பிய வயிறாக இருந்தால், அந்தத் தசைக்கு மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. இந்தப் பதிவில் உள்ள மூச்சுப் பயிற்சிக்கும் சாப்பாட்டு முறைக்கும் அடிப்படை இதுதான்.

இவை இரண்டும் இன்ஹேலருக்கு மாற்று அல்ல. பயிற்சி செய்தால் திணறலும் பயமும் குறையும், அன்றாட வேலை எளிதாகும். குழாயின் உள்வீக்கத்தைக் குறைப்பது டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். திணறும்போது மட்டும் நீல நிற சால்பியூட்டமால் பம்பை அடித்துக்கொண்டு காலத்தை ஓட்டுவதை, உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா' 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அந்தப் பம்ப் தேவைப்படுகிறதா? இரவில் இழுப்பு வந்து விழிக்கிறீர்களா? அப்படியானால் முதலில் டாக்டரைப் பாருங்கள், பயிற்சியை அடுத்த வாரம் தொடங்கிக்கொள்ளலாம்.

படி 1: அளந்து பாருங்கள்

மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்குங்கள். மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். முள்ளைக் கீழே இறக்கி, நின்றபடி மூச்சை முழுசாக இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கமாகக் கவ்வி, ஒரே வேகத்தில் 'ஹஃப்' என்று ஊதுங்கள். மூன்று முறை ஊதி, மூன்றில் அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் சராசரி போடுகிறார்கள், அது தப்பு. நாக்கு குழாய் வாயை மறைத்தாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் எண் குறைவாகக் காட்டும்.

உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரம், காலையும் மாலையும் மருந்துக்கு முன் அளந்தால் உங்கள் உச்ச எண் கிடைக்கும். அது 400 என்றால் 320க்கு மேல் இருக்கும் வரை பச்சை. 200க்கும் 320க்கும் நடுவே மஞ்சள், அதாவது டாக்டர் சொன்ன மாற்று மருந்து அளவைத் தொடங்க வேண்டிய நேரம். 200க்குக் கீழே சிவப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உயரம், வயது, ஆண் பெண் என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப இது மாறும்.

படி 2: மூச்சை விடப் பழகுங்கள்

வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். இழுப்பு இல்லாத நேரத்தில் பழகினால்தான் இழுப்பு வரும்போது கை கொடுக்கும்.

முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கை மார்பின் மேல், இன்னொன்று தொப்புளுக்குச் சற்று மேலே. வாயை மூடி, மூக்கு வழியாக மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணும் நேரம் மெதுவாக இழுங்கள். வயிற்றின் மேல் இருக்கும் கை மட்டும் முன்னே வர வேண்டும். மார்பில் உள்ள கை தூக்கினால், தோள் காதை நோக்கி ஏறினால், கழுத்துத் தசையால் இழுக்கிறீர்கள் என்று பொருள். அது சீக்கிரம் களைத்துப்போகும். பிடிபடாதவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துப் பாருங்கள். புத்தகம் ஏறி இறங்கினால் சரி.

இனி விடுவது. சூடான காபியை ஊதி ஆற்றுவதைப் போல உதட்டைக் குவித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' வரை விடுங்கள். இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம். குவிந்த உதடு கொடுக்கும் லேசான எதிர்ப்பு குழாய்களைச் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் திறந்து வைக்கிறது, தேங்கிய காற்று வெளியேற வழி கிடைக்கிறது. ஆனால் வயிற்றை எக்கி, முழு பலத்தையும் போட்டு ஊதாதீர்கள். வேகமாகத் தள்ளினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, சின்னக் குழாய்கள் இன்னும் நெரியும். ஆரம்பக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால், விரல் நுனியில் ஊசி குத்துவது போல் இருந்தால், தேவைக்கு மேல் ஆழமாக மூச்சு வாங்கி ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்திருக்கிறது. நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். மாற்றம் தெரியச் சில வாரம் ஆகும். பீக் ஃப்ளோ எண் பெரிதாக ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தப் பயிற்சியின் பலன் மாடிப்படி ஏறுவதிலும் தூக்கத்திலும்தான் முதலில் தெரியும்.

பழகிய பிறகு, சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டின் புட்டெய்கோ 1950களில் வகுத்த முறையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பேசாத நேரமெல்லாம் வாயை மூடி, மூக்கால், சத்தம் வராத அளவுக்குச் சின்னதாக மூச்சு விடுவது. மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கால் லிட்டர், அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூன் கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

வேகவேகமாக மூச்சு விடும் யோகப் பயிற்சிகளான கபாலபாதியும் பஸ்திரிகாவும் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று யாராவது சொன்னால், கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் கேட்க வேண்டாம். வேகமாக மூச்சு விடும்போது குழாய் உலர்ந்து குளிர்கிறது. ஓடினால் சிலருக்கு இழுப்பு வருவதும் இதே காரணத்தால்தான்.

படி 3: ராத்திரிச் சாப்பாட்டை முன்னே தள்ளுங்கள்

எதைச் சாப்பிடக் கூடாது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எப்போது, எவ்வளவு என்பதில் பலருக்கு அதைவிடப் பலன் அதிகம். படுக்கும்போது வயிற்று அமிலம் மேலேறினால் மூச்சுக்குழாய் எரிச்சலடைந்து இருமல் கிளம்பும். நடுராத்திரி இருமலோடு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருந்தால் இந்தப் படி உங்களுக்குத்தான்.

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். வயிறு முக்கால் நிரம்பினால் எழுந்துவிடுங்கள். தட்டுவடை செட்டை யாரும் விடச் சொல்லவில்லை, அதைச் சாயங்காலம் ஐந்து மணியோடு வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு அழுந்தி, அமிலம் இன்னும் ஏறும்.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஆஸ்துமா கட்டுப்பாடு மேம்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. மதியத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் பொரியலும் வையுங்கள். கொய்யா, நெல்லிக்காய் தாராளமாக. மல்கோவா சீசனில் மாம்பழமும் சாப்பிடலாம், மாம்பழச் சூடு ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மீன் பிடிக்குமென்றால் வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது கானாங்கெளுத்தி, குழம்பாக. மேட்டூர் கட்லாவில் புரதம் உண்டு, ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு இவற்றைவிடக் குறைவு.

தயிர், வாழைப்பழம், பால் என்று குழந்தைக்கு ஒவ்வொன்றாக நிறுத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பால் சளியைப் பெருக்குவதில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழவென்று இருப்பதைச் சளி என்று நினைத்துக்கொள்கிறோம். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்தி, திரும்பக் கொடுத்து, பீக் ஃப்ளோ எண்ணைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த உணவைக் குற்றம் சொல்ல வேண்டாம். சாப்பிட்டதும் உதடு வீங்குவது, உடம்பு தடிப்பது இருந்தால் மட்டும் வீட்டில் சோதிக்கவே கூடாது. அது டாக்டர் முன்னால் பார்க்க வேண்டியது.

நிஜமாகவே சிலருக்கு ஆகாதது, உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட். பொன்னிற உலர் திராட்சை, பாட்டில் ஜூஸ், ஒயின் ஆகியவற்றின் லேபிளில், சேர்பொருளைக் குறிக்கும் ஐ.என்.எஸ். 220 முதல் 228 வரை எண் இருக்கிறதா என்று பாருங்கள். வலி மாத்திரையும் அப்படியே. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் சிலருக்குக் கடும் இழுப்பைக் கிளப்பும்.

ஏற்காட்டுக் காபி பற்றி: கஃபீன் மூச்சுக்குழாயை லேசாக, அதிகபட்சம் நான்கு மணி நேரம் வரை திறக்கும். பம்ப் இல்லாத குறைக்கு அது ஈடாகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் காபி அதிகமானால் படபடப்பு வரும். நுரையீரல் சோதனைக்குப் போகும் நாளில் குடிக்காதீர்கள்.

ஆடாதோடை, தூதுவளை கஷாயம் இருமலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் லேபிள் இல்லாத பொடி இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அளவு தெரியாமல் ஸ்டீராய்டு கலந்த பொடிகள் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன.

படி 4: ஊரைக் கவனியுங்கள்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் ஆசிட் புகை, அம்மாபேட்டையில் தறிப் பஞ்சு, சேகோ ஆலையில் மாவுத் தூசி. ஞாயிற்றுக்கிழமை மூச்சு லேசாகி, திங்கள் மாலை மறுபடி இறுகினால் வேலைதான் காரணமாக இருக்கலாம். வேலை நாள், விடுமுறை நாள் இரண்டிலும் எடுத்த பீக் ஃப்ளோ எண்களை டாக்டரிடம் காட்டுங்கள். துணி முகக்கவசம் ஆசிட் ஆவியைத் தடுக்காது. வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடி, கொசுவர்த்தி, சாம்பிராணி மூன்றையும் விட்டாலே பலருக்கு இரவு நிம்மதி.

மலைக்குப் போனால் ஆஸ்துமா ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் பனிமூட்டமும் ஈரமும் உண்டு. ஈரமான சுவரில் பூஞ்சை வளரும், மெத்தையில் தூசிப் பூச்சி பெருகும். அறைக்குள் நுழைந்ததும் பூஞ்சை வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள். நாப்தலின் உருண்டை போட்டு வைத்த ஸ்வெட்டரை முந்தின நாளே வெயிலில் போடுங்கள். அதிகாலை நடைக்கு மப்ளரால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பம்ப் சட்டைப் பையில் இருக்கட்டும். சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வாயு அழுத்தம் ஏறிக் கெட்டுப்போகும்.

இழுப்பு வந்துவிட்டால்

உட்கார வைத்து, லேசாக முன்னே சாய்ந்து முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். படுக்க வைக்காதீர்கள். சால்பியூட்டமால் பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்பின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) ஒரு பஃப் அடித்து நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு பஃப்பையும் ஒன்றாக அடித்து இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான்கு நிமிடம் பொறுத்து, தீரவில்லை என்றால் மறுபடி நான்கு பஃப். உதட்டைக் குவித்து மூச்சு விடுவதைப் பஃப்புகளுக்கு நடுவே செய்யலாம், பம்புக்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இரண்டாவது சுற்றுக்கும் கேட்கவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் 108. வண்டி வரும் வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பஃப் தொடரட்டும். ஏற்காட்டில் இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர நேரமாகும், அதனால் அங்கேயே அரசு மருத்துவமனைக்குப் போய் ஆக்சிஜன் வைத்த பிறகு இறங்குங்கள். எத்தனை மணிக்கு எத்தனை பஃப் அடித்தீர்கள் என்பதைப் போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.